உள்ளே கோடிப் பேர்

மார்ச் 30

பாளையங்கோட்டை. காலை பஸ்ஸில் வந்து இறங்கினேன்.

இரண்டு வாரம் விடுப்பு என்று ஆராய்ச்சிக் கைடிடம் சொல்லியிருக்கிறேன். அப்பாதான் அனுப்பினார். "எந் தங்கச்சி ஒத்தையில கெடக்கா. நீ போய் இரு." அதனால் வந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

அத்தை கதவைத் திறந்ததும் என்னைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஒம்பது மணின்னு சொன்னவ இப்ப வாரா. கேட்டப் பூட்டியிருக்கணும்."

மகளிர் கல்லூரி விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஜனவரியில் சினைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தது. பிப்ரவரியில் அறுவை சிகிச்சை. ஒரு கீமோ முடிந்துவிட்டது, இன்னும் ஐந்து இருக்கின்றன. தலையில் முடி இல்லை. பூப்போட்ட ஸ்கார்ஃப் கட்டியிருக்கிறாள், காதுக்கு மேல் கொஞ்சம் கோணலாக.

அதைச் சரிசெய்ய வேண்டும்போல் இருந்தது. செய்யவில்லை.


மார்ச் 31

பக்கத்து வீட்டு எமிலி அக்கா சாத்துக்குடியோடு வந்தார். குரலைத் தாழ்த்தி, "கர்ப்பப்பை ஆப்பரேஷன்னு சொன்னாங்க" என்றார்.

"கர்ப்பப்பையும் போச்சு. ஆனா நோவு சினைப்பையில." அத்தை குரலைத் தாழ்த்தவில்லை.

"சினையா? அது மீனுக்குல்லா சொல்லுவோம்?"

"எனக்கும் இருந்துருக்கு, எமிலி. அம்பத்தொம்பது வருஷமா உள்ள இருக்கதே தெரியல. போகும்போதுதான் பேரச் சொல்லிட்டுப் போவுது."

எமிலி அக்கா சிரிக்கலாமா கூடாதா என்று என்னைப் பார்த்தார். நான் சாத்துக்குடியைப் பார்த்தேன்.


ஏப்ரல் 2

இரண்டாவது கீமோ. நாள் முழுக்க மருத்துவமனை.

டாக்டர் மங்கையர்க்கரசிக்கு நாற்பது வயது இருக்கும். வேகமாகப் பேசுகிறார், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு நம் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறார்.

"இந்த மருந்து வெள்ளணுவையும் சேத்துக் குறைச்சிரும். ஒரு வாரம் பத்து நாள்ல ரொம்பக் கம்மியா இருக்கும். அப்ப காய்ச்சல் வந்தா லேசா எடுத்துக்கக் கூடாது. நூறத் தாண்டுச்சுன்னா ஃபோன் பண்ணி என்ன மாத்திரைன்னு கேக்காதீங்க. நேரா வந்துருங்க. எந்நேரமானாலும்."

"சரி டாக்டர்" என்றாள் அத்தை.

விடுதியில் எத்தனை பெண்கள் அவளிடம் இதே குரலில் "சரி மேடம்" என்று சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தேன்.


ஏப்ரல் 5

வாந்தி. வாந்தி. கஞ்சி. வாந்தி.

வாளியை நான் எடுத்தால் கோபப்படுகிறாள். எடுக்காவிட்டாலும் கோபப்படுகிறாள்.

இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை என்று தெரியவில்லை. கதவருகே நிற்கிறேன். கதவருகே நிற்பதை ஒரு வேலையாகச் செய்துகொண்டிருக்கிறேன்.


ஏப்ரல் 8

கொஞ்சம் தெளிந்தாள். திண்டில் சாய்ந்தபடி என்னை விசாரித்தாள். எல்லாரும் கேட்கிற கேள்விதான், ஆனால் அவள் கேட்டால் பதில் சொல்லியே தீர வேண்டும்.

"நீ எதப் பத்தித்தான் ஆராய்ச்சி பண்ணுத?"

"இறாலோட குடல்ல இருக்க பாக்டீரியா, அத்தை."

"எறாலுக்குக் கொடலா?"

"ஆமா."

"முதுகுல கறுப்பா நூலு மாதிரி இருக்குமே. கீறி எடுத்துத் தூரப் போடுவோம்லா. அதா?"

"அதேதான்."

"அதுக்கா அஞ்சு வருஷம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும். சிரித்ததில் தையல் போட்ட இடம் வலித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

"நம்ம கொடல்லயும் இருக்கா?"

"கோடிக்கணக்குல."

"எல்லாம் கெட்டதா?"

"பெரும்பாலும் நல்லதுதான். நாம செரிக்க முடியாதத அதுக செரிக்கும். கெட்ட கிருமி உள்ள வந்து இடம் புடிக்காமப் பாத்துக்கிடும். சண்ட போடும், சமாதானமாப் போகும்."

"சாப்பாடு?"

"நீங்க சாப்பிடுறதுல மிச்சம் மீதிதான். கீரை, தண்டு, பயறு. அதெல்லாம் அதுகளுக்கு."

அத்தை தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இது ஹாஸ்டல்தாம்ட்டி" என்றாள்.

மதியம் கீரைக் கூட்டு வைக்கச் சொன்னாள். பாதிக் கிண்ணம் சாப்பிட்டாள். "எனக்கு வேண்டியிருக்கல. அவளுவளுக்கு."


ஏப்ரல் 11

சினைப்பைப் புற்றுநோய், குடல் நுண்ணுயிர் என்று தேடினால் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. மூன்று நாளாக வாசிக்கிறேன். மனிதக் குடல் என் துறை அல்ல. ஆனால் மொழி தெரிகிறது. வெளியூரில் நம் ஊர் பஸ்ஸைப் பார்த்ததுபோல.

ஒரு சோதனை. எலிகளுக்குக் கட்டியை உண்டாக்குகிறார்கள். பாதி எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடலைக் காலி செய்கிறார்கள். காலியான எலிகளில் கட்டி வேகமாக வளர்கிறது, கீமோ மருந்தும் சரியாக வேலை செய்வதில்லை. பழைய கிருமிகளைத் திரும்ப உள்ளே விட்டால் கட்டியின் வேகம் குறைகிறது.

சமையலறைக்கு ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். ஓடினேன் என்பது இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

"அப்ப அவளுவ உள்ள இருந்தாத்தான் இந்த மருந்து கேக்கும்" என்றாள்.

"எலியில, அத்தை."

"எலியோ புலியோ. வயிறு வயிறுதானே."

எலியில் என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். அவள் வாழைத்தண்டு நறுக்கத் தொடங்கியிருந்தாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் அரிவாள்மணையில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.


ஏப்ரல் 14

விடுதியில் ஒரு வருடம் அம்மை வந்ததாம். எல்லாப் பிள்ளைகளையும் ஊருக்கு அனுப்பிவிட்டு விடுதியைக் காலி செய்து சுண்ணாம்பு அடிக்கும்படி கல்லூரி அலுவலகத்திலிருந்து உத்தரவு. அத்தை கேட்கவில்லை. அம்மை வந்தவர்களை மாடி அறைக்கு மாற்றி, தானே கஞ்சி கொடுத்து, மற்றவர்களைக் கீழேயே வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பிள்ளையள்லாம் எத்தன பஸ்ஸு மாறி வீட்டுக்குப் போகும்? வழியெல்லாம் அம்மையக் குடுத்துட்டுல்லா போகும்? காலி பண்ணுன்னு சொல்லுதது ஈசி. பிறகு யாரு வந்து அந்த ரூமுல குடியேறுவான்னு தெரியுமா?"

"அது ரொம்பச் சரி, அத்தை. குடல்லயும் அதேதான் நடக்கும். காலியான இடத்துல முரட்டுக் கிருமி வந்து உக்காந்துக்கிடும்."

அவளுக்குப் பெருமை. எனக்கும். ஒரு உவமை இவ்வளவு தூரம் தாங்கும் என்று நினைக்கவில்லை.


ஏப்ரல் 16

கைடு ஃபோன். என் தொட்டியில் இறால்கள் செத்துக்கொண்டிருக்கின்றனவாம். விடுப்பை நீட்டித்தேன். திட்டினார். பிறகு, இங்கே உட்கார்ந்து என்ன செய்கிறாய் என்றார். வாசித்ததைச் சொன்னேன்.

"எலிய விடு. மனுசங்ககிட்ட என்ன பாத்துருக்காங்க? பழைய கேஸ் ஷீட்டப் புரட்டி, கீமோ நேரத்துல ஆன்டிபயாடிக் வாங்குனவங்களுக்குப் பலன் கம்மின்னு சொல்லுறாங்க. ஆன்டிபயாடிக் யாருக்குக் குடுப்பாங்க? ஏற்கெனவே ரொம்ப முடியாம இருந்தவங்களுக்கு. அப்ப மருந்தால மோசமாச்சா, மோசமா இருந்ததால மருந்தா? யாருக்கும் தெரியாது தபித்தா. நீ எறாலப் பாரு."

சரியாகத்தான் சொல்கிறார்.

அத்தையிடம் இதைச் சொல்லவில்லை. இன்று காலை நான்கு இட்லி சாப்பிட்டாள்.


ஏப்ரல் 23

மூன்றாவது கீமோ.

அத்தை டாக்டரிடம் நிறையக் கேள்வி கேட்டாள். தயிர் சாப்பிடலாமா? காய்ச்சிய பாலில் வீட்டில் உறை ஊற்றியது என்றால் சாப்பிடலாம். கடையில் விற்கிற நல்ல பாக்டீரியா மாத்திரை? இப்போது வேண்டாம், எதிர்ப்புச் சக்தி இல்லாத நேரத்தில் எது எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பச்சைக் காய்? வேண்டாம், வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

கடைசியாக, "காய்ச்சல்னு வந்தா என்ன மருந்து குடுப்பீங்க?"

"ஆன்டிபயாடிக்தான். மாத்திரை போதாது, டிரிப்ஸ்ல ஏத்துவோம். ஒரு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும்."

"எல்லாத்தையும் கொன்னுருமோ?"

"கிருமியக் கொல்லும்."

"சரி டாக்டர்."

நல்ல கேள்வி என்று நினைத்தேன். ஆட்டோவில் சொல்லவும் செய்தேன். அத்தை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.


ஏப்ரல் 29

இந்தத் தடவை வாந்தி குறைவு. தெர்மாமீட்டரை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"எத்தன பிள்ளையளுக்குப் பாத்துருக்கேன். எனக்குப் பாக்கத் தெரியாதா? நீ போய் ஒஞ் சாப்டர எழுது."

தொண்ணூற்றெட்டு என்று சொன்னாள். எழுதப் போனேன்.


மே 1

மின்விசிறியை நிறுத்தச் சொல்கிறாள். இந்த வெயிலில். கீமோ போட்டால் அப்படித்தான் இருக்கும் என்கிறாள். ஊட்டிக்குச் சுற்றுலா போனபோது பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டரை எடுத்துப் போட்டிருக்கிறாள். அரக்கு நிறம். அவளுக்கு நன்றாக இருக்கிறது.

மூட்டு வலி, இரண்டு பாராசிட்டமால். தொண்ணூற்றெட்டு.

தண்ணீர் கொண்டுபோனேன். "அங்கன வச்சுட்டுப் போ. கிட்ட வராத. வேர்வ நாத்தம்."

இரண்டாவது அத்தியாயம் நன்றாக வருகிறது.


மே 2

சாப்பிடவில்லை. மூட்டு வலிதான் என்கிறாள். தொண்ணூற்றெட்டு.


மே 3

மருத்துவமனை நடைபாதையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் அறையிலிருந்து பேச்சுக் குரல். யாரோ வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. கண் பாதி மூடியிருந்தது. விடுதிப் பிள்ளைகளுக்கு வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏழாம் ரூம். மெர்சி. வந்துட்டியா. சுடலைவடிவு. எங்கட்டி போன. எல்லாரும் உள்ள வாங்க. யாரும் வெளிய போவக் கூடாது. நான் இருக்கேன்லா. யாரும் காலி பண்ண வேண்டாம்."

நெற்றியில் கை வைத்தேன். அடுப்பில் இருந்த தோசைக்கல்லில் கை பட்டதுபோல எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன்.

நூற்று மூன்று.

எமிலி அக்கா ஆட்டோவைக் கூப்பிட்டார். வழியில் அத்தைக்கு நினைவு வந்தது. எங்கே போகிறோம் என்று புரிந்ததும் ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "வீட்டுக்குத் திருப்பச் சொல்லு."

அவசரப் பிரிவில் நர்ஸ் ஊசி போட நரம்பு தேடினார். அத்தை கையை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம்."

"ஏன்மா? பிரஷர் இறங்கிட்டு இருக்கு" என்றார் பணியில் இருந்த இளம் டாக்டர்.

"இத ஏத்துனா உள்ள இருக்கதெல்லாம் செத்துப்போவும். பிறகு கீமோ கேக்காது. எம் மருமவ படிச்சிருக்கா. அவகிட்ட கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அத்தை, அது எலியில நடந்தது."

"நீதானே சொன்ன."

"மனுசங்ககிட்ட இன்னும் உறுதியாத் தெரியாது."

"நீதாம்ட்டி சொன்ன."

"சரி. ஹாஸ்டல்ல தீப் பிடிச்சிருச்சுன்னு வைங்க. அப்ப பிள்ளைகள…"

"தீப் பிடிச்சா தீய அணைக்கணும்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "பிள்ளையளக் கொல்லக் கூடாது."

அந்த உவமை அவளுடையது. அதற்குள் போய் அவளை என்னால் ஜெயிக்க முடியாது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அத்தையின் உதடு நீலமாக இருந்தது.

"அத்தை, ஹாஸ்டல் இல்ல. பிள்ளைக இல்ல. நீங்க. ரத்தத்துல கிருமி ஏறிட்டு. இப்ப மருந்து ஏத்தலன்னா நீங்க செத்துருவீங்க. நாளைக்கு இருக்க மாட்டீங்க. எனக்கு நீங்க இருக்கணும். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

சத்தம் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. அடுத்த கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தை என்னையே பார்த்தாள். காய்ச்சலில் கண்கள் மினுங்கின.

"இத முதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்றாள். கையை நீட்டினாள்.


மே 4

நூற்று இரண்டு.


மே 5

நூற்று ஒன்று. எமிலி அக்கா ரசம் கொண்டுவந்தார். நான் குடித்தேன்.


மே 6

டாக்டர் மங்கையர்க்கரசி என்னை அறைக்கு வெளியே கூப்பிட்டார்.

"மூணு நாள் காய்ச்சல மறைச்சிருக்காங்க. நீங்க படிச்சவங்க, கூடவே இருக்கீங்கன்னு நம்பித்தான் அனுப்புனேன்."

நான் வாசித்ததை, சொன்னதை, சொல்லாமல் விட்டதை எல்லாம் சொன்னேன். இடையில் நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். சுவரில் சாய்ந்து கடைசிவரை கேட்டார்.

"அந்தக் கட்டுரை நானும் படிச்சேன். உண்மையா இருக்கலாம்ங்க. தேவையில்லாம ஆன்டிபயாடிக் குடுக்கக் கூடாதுன்னு எனக்கும் இருக்கு. நாளைக்கு யாராவது சரியாக் கண்டுபிடிச்சா நான்தான் முதல்ல சந்தோஷப்படுவேன். ஆனா கீமோ கேக்குதா கேக்கலையான்னு பாக்கறதுக்கு ஆள் உயிரோட இருக்கணும்ல?"

போகும்போது என் தோளைத் தட்டினார். திட்டியதைவிட அது கஷ்டமாக இருந்தது.


மே 8

காய்ச்சல் இல்லை. அத்தை எழுந்து உட்கார்ந்து, வார்டில் போர்வை மடிக்கிற முறை சரியில்லை என்று ஆயாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பயம் போய்விட்டது எனக்கு. அதனால் கோபம் வந்தது.

"எத்தன டிகிரி இருந்துச்சு உண்மையில?"

"நூத்தி ஒண்ணு. ஒருநாள் நூத்தி ரெண்டு. மாத்திர போட்டா எறங்கிரும்."

"வாய்கூசாம தொண்ணூத்தெட்டுன்னு சொன்னீங்க."

"எத்தன பிள்ளையள் எங்கிட்ட அப்பிடிச் சொல்லிருக்கும். பாத்துப் படிச்சதுதான்."

"விளையாடாதீங்க அத்தை. எலிக்கதைய நம்பியா உயிர விடப் பாத்தீங்க?"

அவள் போர்வை நுனியை விரலில் சுற்றினாள்.

"பாதி நம்புனேன். பாதி…" என்று நிறுத்தினாள். "நீ வந்து கதவுக்கிட்டயே நின்னுக்கிட்டுக் கெடந்த. என்ன செய்யன்னு தெரியாம. எனக்கே பாவமா இருந்துச்சு. அன்னைக்கு அந்த எலியப் பத்திச் சொல்ல அடுப்படிக்கு ஓடி வந்தல்லா? மூஞ்சி எப்பிடி இருந்துச்சுன்னு ஒனக்குத் தெரியாது. நீ கொண்டுவந்த வைத்தியம். அத எப்பிடிட்டி நானே கெடுக்கது?"

எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

கேன்டீனில் சுக்குக் காப்பி நன்றாக இருக்கிறது.


மே 10

வீடு. ஆன்டிபயாடிக் முடிந்துவிட்டது. வயிற்றுப்போக்கு இரண்டு நாள் இருக்கும் என்றார்கள்.

குளியலறையிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "கூண்டோட வெளிய போறாளுவ" என்றாள். நான் சிரிக்கவில்லை.

"திரும்ப வந்துருவாளுவளா?"

"கொஞ்சம் கொஞ்சமா வரும். சில வகை வராமலே போகலாம். எது முக்கியம், எது இல்லன்னு எனக்குத் தெரியாது. கைடுக்கும் தெரியாது. ஏப்ரல்லயே அவர் சொன்னார், உங்ககிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

"ஏன்?"

"நீங்க நாலு இட்லி சாப்பிட்டீங்க."

அவள் தலையை ஆட்டினாள். வெகுநேரம் இருவரும் ஜன்னலுக்கு வெளியே எமிலி அக்கா வீட்டுக் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது எங்களைப் பார்க்கவில்லை.


மே 21

நான்காவது கீமோ, ஒரு வாரம் தாமதமாக. ரத்த அணுக்களின் எண்ணிக்கை ஏறியிருக்கிறது. மருந்தின் அளவைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார் டாக்டர். வெள்ளணுவைக் கூட்ட ஒரு ஊசியும் உண்டு.

கீமோ கேட்கிறதா என்று அத்தை டாக்டரிடம் கேட்டாள். இதுவரை நன்றாகத்தான் போகிறது, ஆறும் முடிந்து ஸ்கேன் எடுத்தால்தான் முழுதாகச் சொல்ல முடியும் என்றார். "சரி டாக்டர்" என்று சொல்லவில்லை அத்தை. "பயமா இருக்கு" என்றாள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டார்.


மே 25

கைடு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். புது இறால் குஞ்சுகள் வந்திருக்கின்றனவாம். ஜூலையில் வருகிறேன் என்று எழுதினேன். அப்பா இப்போது எதுவும் சொல்லவில்லை. நானேதான் எழுதினேன்.


மே 30

வெள்ளணு குறைகிற நாட்கள். மழை வரும்போல இருந்து வரவில்லை. துணி காய்ந்துவிட்டது.

"தபி" என்று கூப்பிட்டாள். அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன். "சுடுதான்னு பாரு." கை வைத்தேன். இல்லை.

துவையல் அரைத்துக்கொண்டிருந்தபோது மறுபடி. ஈரக் கையோடு போனேன். இல்லை.

சாப்பிட்டுப் படுத்த பிறகு மறுபடி. தெர்மாமீட்டர் வைக்கட்டுமா என்று கேட்டேன். "அது என்னத்தக் கண்டுச்சு?" என்றாள். கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்து நெற்றியில் கை வைத்தேன். தோல் குளிர்ச்சியாக, லேசான வேர்வையோடு இருந்தது. புருவம் இருந்த இடத்தில் பூனைமுடிபோல ஏதோ முளைக்கப் பார்க்கிறது.

"சுடுதா?"

"இல்ல அத்தை."

கண்ணை மூடிக்கொண்டாள்.

"நல்லா வச்சுப் பாரு."

நன்றாக வைத்துப் பார்த்தேன்.